செவ்வாய்க்கிழமைப் பெண்ணும் வியாழக்கிழமை டாக்டரும்

தொலைக்காட்சி நாடகங்களை எழுதியவர்கள், எடுத்தவர்கள், நடித்தவர்கள் எல்லாரும் சென்னையில் இருந்தார்கள். அவற்றை ஒழுங்காக முடித்துவைத்த ஒரே மனிதர் எங்கள் பக்கத்தில் இருந்தார். சுந்தரபாண்டியத்தில் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் சோழபுரம் வரை போகும் பச்சை நிற டவுன் பஸ்ஸில் அவர் கண்டக்டர். பெயர் தொடரும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவாக இருக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் வேறு பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஸ்டாப்பில் நிற்பவர்கள் "தொடரும் வண்டி போயிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். அது கேள்வியா, தத்துவமா என்று வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள்.

கொடைக்கானல் மலையில் டவர் வந்து, எங்கள் ஊர் மாடிகளில் ஏரியல் கம்பிகள் முளைத்த எண்பதுகளின் கடைசி அது. தெருவுக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் டி.வி. இருக்கும். ஒரு நாடகம் என்றால் வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், மொத்தம் பதிமூன்று வாரம். பதிமூன்றாம் வாரம் 'முற்றும்' என்று போட்டுவிட்டு அவர்கள் சென்னையில் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். இங்கே தொடரும் தூங்கமாட்டார்.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வீடு ராஜபாளையம். காலையும் மாலையும் பச்சை வண்டிதான். நாள் முழுக்கக் கோர்ட்டில் வாய்தா, வண்டியில் ஏறினால் தொடரும். என் இளமைக் காலத்தில் முடிந்துபோன விஷயம் என்று எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

வண்டி பஸ் ஸ்டாண்டை விட்டு நகர்ந்ததும் டிக்கெட் கிழித்துக்கொண்டே முந்தைய நாள் நாடகத்தை ஆரம்பிப்பார். நடுக் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, முன்னால் இருக்கும் பெண்களுக்கும் பின்னால் தொங்கும் ஆண்களுக்கும் ஒரே மாதிரி கேட்கும்படி சொல்வார். அழுகைக் காட்சி வந்தால் டிரைவர் கியர் மாற்ற மறந்துவிடுவார். ரயில்வே கேட் மூடியிருந்தால் மொத்த வண்டியும் சந்தோஷப்படும்.

"புருசன்காரன் கதவத் தொறக்கான். உள்ள நாற்காலியில யாரு உக்காந்திருக்கா தெரியுமா?" என்று கேட்டுவிட்டு விசிலை வாயில் வைப்பார். "கோர்ட்டு வாசல் எறங்கு. மிச்சம் சாயந்திரம்."

எங்கள் வக்கீலுக்குச் சாட்சி சொல்ல வந்த ஒருவர், நாற்காலியில் இருந்தது யார் என்று தெரியாமல் இறங்க மனமில்லாமல் சுந்தரபாண்டியம் வரை போய்விட்டார். "சாட்சிக்குத் திடீர் உடல்நலக் குறைவு" என்று மனு எழுதி வாய்தா வாங்கினோம். மறுநாள் வந்தவரிடம் எங்கள் வக்கீல் முதலில் கேட்டது, நாற்காலியில் இருந்தது யார் என்றுதான்.

தொடரும் அண்ணாச்சிக்கு நாடகத்தின் பெயரெல்லாம் வாயில் வராது. ஏழே கால் வண்டி, எட்டரை வண்டி என்று சொல்லிப் பழகியவர் அல்லவா, நாடகத்தையும் கிழமையால்தான் சொல்வார். 'தாழம்பூ மாடி' என்று ஒரு நாடகம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்குச் செவ்வாய்க்கிழமை. 'எட்டாம் வார்டு' வியாழக்கிழமை. அதில் வருகிறவர்கள் செவ்வாய்க்கிழமைக்காரி, வியாழக்கிழமைக்காரன். ஏதோ கடன் கொடுத்தவரைச் சொல்வதுபோல இருக்கும். கதை சூடு பிடித்தால் மட்டும் ஆளின் பெயர் வாயில் வரும்.

கடைசி வாரங்களைப் பற்றி அவருக்குக் கடுமையான அபிப்பிராயம் இருந்தது.

"கல்யாணத்துல கொண்டு முடிக்கிறவன் சோம்பேறி. சாவுல முடிக்கிறவன் யாரு மேலயோ கோவமா இருக்கான். ரயில்வே ஸ்டேசன்ல முடிக்கிறவன்தான் இருக்கதுலயே மோசம். ரயில் போகும், இவன் மட்டும் நிப்பான். எந்த ஊருக்குப் போற ரயில்னு ஒரு போர்டாச்சும் காட்டுதானா?"

"வேற எப்படித்தான் முடிக்கணும்ங்கீய அண்ணாச்சி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஏன் தம்பி, நான் ஒரு ஆள வண்டியில ஏத்திட்டு, அவன எறக்கிவிடாம வண்டிய ஷெட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? மொதலாளி செருப்பால அடிக்க மாட்டாரா? இவன் பதிமூணு வாரமா ஏத்தோ ஏத்துன்னு ஆளுகள ஏத்திட்டு, பாதிப் பேர எறக்காமலே வெளக்க அணைச்சிட்டுப் போயிருதான். ரெண்டாம் வாரத்துல ஒரு பால்காரன் வந்து, நாளைக்கு வந்து வெவரமாச் சொல்லுதேன்னு சொல்லிட்டுப் போனான் பாத்தீயளா? பொறவு அவனக் காணவே காணோம். அவன் என்ன ஆனான்? அவன் மாடு என்ன ஆச்சு?"

அந்தப் பால்காரனை யாருமே கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அவர் கேட்ட பிறகு எனக்கும் ஒரு வாரம் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு வண்டியில் சேரவேண்டிய இடம் வராதவர்களை அடுத்த வண்டிக்கு, அதாவது அடுத்த நாடகத்துக்கு, மாற்றி ஏற்றிவிடுவது. பால்காரனைப் புதன்கிழமைக் கூட்டுக் குடும்பத்துக்குப் பால் ஊற்ற அனுப்பினார். சனிக்கிழமைக் கொலைகாரனைப் பிடிக்கத் துப்பில்லாத இன்ஸ்பெக்டரை எடுத்துவிட்டு, திங்கட்கிழமை மாமியாரைக் காவல் நிலையத்தில் உட்காரவைத்தார். "அந்தப் பொம்பள ஒரு பார்வ பாத்தா போதும், செஞ்சத எல்லாம் ஒப்பிச்சிருவான்" என்றார். யாராலும் மறுக்க முடியவில்லை.

ஒரே ஒரு சங்கடம். எதுவரை டி.வி.யில் வந்தது, எங்கிருந்து அவர் ஏற்றிவிட்டது என்று சொல்லமாட்டார். "எங்க டி.வி.யில நேத்து அப்படி வரலையே அண்ணாச்சி" என்று யாராவது சந்தேகம் கேட்டால், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் "உங்க ஏரியல் சரியில்ல. கொடைக்கானலப் பாத்துத் திருப்பி வைங்க" என்பார். அவர்களும் வீட்டுக்குப் போய் மாடியேறித் திருப்பி வைப்பார்கள்.

இந்த வேடிக்கையெல்லாம் என் அக்கா கல்யாணத்தில் வந்து முட்டும் என்று நான் நினைக்கவில்லை.

அக்கா பெயர் சுலோசனா. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா இல்லாத வீடு. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. ஒன்று ஜாதகத்தால். இன்னொன்று மாப்பிள்ளையின் சித்தப்பா எங்கள் வீட்டு வாசற்படியில் கால் வைக்கும்போது தும்மியதால். அம்மா அதற்குப் பிறகு வாசலில் சாம்பிராணி போடுவதையே விட்டுவிட்டார்.

மூன்றாவதாக வந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் வரன். மாப்பிள்ளை சண்முகத்துக்குக் கரண்டு ஆபீஸில் வேலை. பேண்டேஜ் கம்பெனிக்கு மீட்டர் பார்க்க வந்த இடத்தில் அக்காவைப் பார்த்து, அவராகவே தரகர் மூலம் கேட்டு அனுப்பியிருந்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் அடுத்த மாதம் வருவதற்கு முந்தைய நாள், மீட்டர் பெட்டி மேல் பல வருஷமாகத் தொங்கிய ஒட்டடையை அவளே எடுத்து அடித்ததாகக் கம்பெனியில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஒட்டடைக் கம்பை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அம்மா கேசரி கிளறி, பஜ்ஜிக்கு மாவு கரைத்து வைத்தார். அக்கா அரக்குப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஆறு மணி வரை வரவில்லை. மாவு புளித்தது. மல்லிகைப்பூ வாடியது. கடைசியில் அக்கா எழுந்து போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, ஆறிப்போன கேசரியை ஒரு கிண்ணத்தில் போட்டுத் தின்ன ஆரம்பித்தாள்.

"ஏட்டி, கொஞ்சம் பொறு. வண்டி கெடைக்கலையோ என்னமோ" என்றார் அம்மா.

"வரலைன்னா வரலை. கேசரி என்ன பண்ணுச்சு?" என்றாள் அக்கா. குரல் மட்டும் சரியாக இல்லை.

மறுநாள் காலையில் தரகர் வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். பெண்ணுக்கு ஒரு டாக்டரோடு தொடர்பு இருப்பதாக மாப்பிள்ளையின் அம்மா கேள்விப்பட்டுவிட்டாராம். டைப் அடிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை தவறாமல் டாக்டரிடம் போய்விடுகிறாளாம். பேண்டேஜ் கம்பெனி என்றால் டாக்டர்கள் வந்து போகத்தானே செய்வார்கள், விசாரிக்க வேண்டியதே இல்லை என்று அந்த அம்மா முடிவு கட்டிவிட்டாராம்.

அம்மா அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வியாழக்கிழமையும் ஆபீஸ் விட்டா நேரா வீட்டுக்குத்தானல வாரா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. எனக்கு எவன் கிளப்பிவிட்டான் என்று தெரிந்தால் கையை முறித்துவிட வேண்டும்போல இருந்தது. நான் ஆள் ஒல்லி. அதனால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது என்று தீர்மானித்தேன்.

அன்று மாலை வண்டியில் ஏறினால், தொடரும் என்னைவிட மோசமான முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"என் சர்வீசுல இப்படி நடந்ததில்ல தம்பி" என்றார். "கத கேட்டுக்கிட்டே ஸ்டாப்ப விட்டவிய உண்டு. கத பாதியில எந்திரிச்சுப் போனவிய கெடையாது. நேத்து மூணு மணி வண்டியில ஒரு குடும்பம். பட்டுச்சேல, தாம்பாளம், பூ, பழம். ராஜபாளையத்துக்கு டிக்கெட் எடுத்தாவ. நான் நல்ல கட்டத்துல இருக்கேன். அந்தம்மா படக்குனு எந்திரிச்சு, வண்டிய நிறுத்துங்காவ. நடுவழில, ஏதோ ஊருக்கு ரோடு பிரியுத விலக்குல எறங்கி, எதுத்தாப்புல நின்னு, வந்த ஊருக்கே வண்டி ஏறிட்டாவ. அப்படி என்னத்த மோசமாச் சொல்லிட்டேன்?"

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் நகர்ந்தேன். "என்ன கட்டம் அண்ணாச்சி அது?"

"நம்ம சுலோசனா கததான். செவ்வாய்க்கிழமையானா வீட்டுல கெடந்து அழுதா. வியாழக்கிழமையானா டாக்டர்கிட்டப் போயிருதா. டைப் அடிக்கப் போறேன்னுதான் வீட்டுல சொல்லிட்டுப் போறா. இனிமே அவ வீடு திரும்பவே மாட்டா, எழுதி வச்சுக்கிடுங்கன்னு சொன்னேன்."

'தாழம்பூ மாடி' கதாநாயகியின் பெயரும் சுலோசனா என்பதையும், அவளும் டைப் அடிக்கிறவள் என்பதையும் நான் சுத்தமாக மறந்திருந்தேன். அந்தக் காலத்தில் நாடகத்தில் வரும் பெண்கள் எல்லாரும் டைப்தான் அடித்தார்கள்.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் அக்கா பெயர், வேலை, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது, எல்லாம்.  அதற்குப் பிறகு ராஜபாளையம் வரை கதையும் இல்லை, பேச்சும் இல்லை. விசில் மட்டும்தான். அவர் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து, பூக்காரம்மா இறங்கும்போது அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

காரணம் தெரிந்துவிட்டது, இனி ஒரு நிமிஷ வேலைதான் என்று நினைத்தேன். மறுநாள் மதியம் கோர்ட்டிலிருந்து நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. மாப்பிள்ளையின் அம்மா பார்வதியம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை. சண்முகம் உள்கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஊருக்கே கரண்டு கொடுக்கிறவர்தான். அம்மா முன்னால் அவருக்கு சப்ளை கிடையாது.

"அது டி.வி. நாடகம்மா. அந்தக் கண்டக்டர் அப்படித்தான் கதை சொல்லுவார்."

பார்வதியம்மாள் வீட்டில் டி.வி. இல்லை. குடும்பம் கெட்டுப்போகும் என்று வாங்கவில்லை. அதனால் எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டார். "டீச்சர், செவ்வாய்க்கிழமை நாடகத்துல சுலோசனான்னு ஒருத்தி வாராளா?"

"வாராளே" என்றார் டீச்சர். எனக்கு உயிர் வந்தது.

"அவ டாக்டரோட போறாளா?"

"எந்த டாக்டர்? அதுல டாக்டரே கெடையாது. அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. புருசன் என்ன கொடும பண்ணினாலும் அவன விட்டுப் போகாது."

"கேட்டீங்களா தம்பி?" என்றார் பார்வதியம்மாள்.

எங்கள் கோர்ட்டில் எத்தனையோ சாட்சிகள் பல்டி அடித்து நான் பார்த்திருக்கிறேன். இந்த அம்மாள் பல்டிகூட அடிக்கவில்லை. நல்ல மனதோடு, உண்மையைச் சொல்லி, எங்களைக் குழியில் தள்ளிவிட்டார். டாக்டர் வியாழக்கிழமையிலிருந்து மாற்றி ஏற்றப்பட்டவர் என்பதை நான் எப்படி விளக்குவது? சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போலத்தான் கேட்டது.

அன்று மாலை தொடரும் எனக்காகவே கோர்ட் வாசலில் வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"ஏத்துனவன எறக்காமப் போறவன எத்தன நாளு ஏசியிருக்கேன்" என்றார். "இப்ப நானே ஒரு பொண்ண நடுரோட்டுல எறக்கி விட்டுட்டேன். நாளைக்கு லீவு போடுதேன். நீங்களும் கூட வாங்க."

அவரைக் காக்கிச் சட்டை இல்லாமல் நான் பார்த்தது மறுநாள்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. யாரோ மந்திரியின் அண்ணன் போல இருந்தார். ஆனால் சட்டைப் பையில் விசில் இருந்தது. அது இல்லாமல் பேச வராது என்றார்.

பார்வதியம்மாள் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். டீச்சரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார்.

"அந்த நாடகத்துல டாக்டரே கெடையாதுங்காவ டீச்சர். நீரு என்ன சொல்லுதீரு?"

"கெடையாதுதான் தாயி. நான்தான் போட்டேன்."

"நீரு யாரு போடுததுக்கு?"

"கண்டக்டரு" என்றார் தொடரும், மிகவும் பணிவாக.

பிறகு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "நீங்களே சொல்லுங்க தாயி. பத்து வாரம் ஓடிப் போச்சு. அந்தப் புருசன்காரன் ஒரு வாரமாச்சும், சாப்பிட்டியான்னு அந்தப் புள்ளயக் கேட்டிருப்பானா? இங்க இவ அழுதா. அங்க வியாழக்கிழமையில ஒரு டாக்டரு. தங்கமான மனுசன், ஒத்தையில கெடந்து ஓட்டல் சாப்பாடு சாப்பிடுதாரு. ரெண்டு நல்லதுகளும் ரெண்டு கெழமையில கெடந்து சங்கடப்படுதுக. எடையில ஒரே ஒரு புதன்கிழமை. சேத்து வச்சா யாருக்கு என்ன நட்டம்?"

"நட்டம் இல்லையா?" என்று எழுந்துவிட்டார் டீச்சர். "அந்த டாக்டருக்காக ஒரு நர்சு காத்துக்கிட்டு இருக்காளே, அவ கதி என்ன?"

"அவரு அந்த நர்சம்மாவத் திரும்பிக்கூடப் பாக்கலையே டீச்சர்."

"மூணாம் வாரம் பாத்தாரு. காப்பி கொடுக்கும்போது பாத்தாரு. நீங்க பாக்கலைன்னா உங்க ஏரியல் சரியில்ல."

தொடரும் அண்ணாச்சிக்கு அடி விழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஆயுதத்தாலேயே அவரை ஒருவர் அடித்திருந்தார். ஆனால் அவர் விடவில்லை. காப்பி கொடுக்கும்போது டாக்டர் பார்த்தது நர்ஸையா, காப்பியையா என்று அரை மணி நேரம் வாதாடினார்கள். கோர்ட்டில் இவ்வளவு தயாரிப்போடு யாரும் வாதாடி நான் கேட்டதில்லை. டீச்சர் கண் கலங்கிவிட்டார். வியாழக்கிழமைகளில் தேர்வுத்தாள் திருத்துவதாகத்தான் தெருவில் அதுவரை சொல்லி வைத்திருந்தாராம்.

பார்வதியம்மாள் ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். இல்லாத டாக்டருக்காக வளர்ந்த இரண்டு பேர் இப்படிச் சண்டை போடுவதைப் பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் இருந்த இறுக்கம் குறைந்துகொண்டே வந்தது. பொய் சொல்ல வந்த எவனும் ஒரு நர்சுக்காக இவ்வளவு சிரமப்பட மாட்டான் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும்.

"சரி, செத்த நேரம் சத்தம் போடாம இருங்க ரெண்டு பேரும்" என்றார் கடைசியில். "அந்த நர்சுப் பொண்ணுக்கு வேற நல்ல ஆளே கெடைக்கலையா?"

தொடரும் நிமிர்ந்தார். "ஒரு பால்காரன் இருக்கான் தாயி. சொந்தமா மாடு வச்சிருக்கான். குடி கெடையாது."

டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். நர்ஸுக்கு இடம் கிடைத்தது. நாலு மாதமாகப் புதன்கிழமை வீட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த பால்காரனும் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

"அந்தச் சுலோசனாவுக்கு? டாக்டர் வீட்டுல மாமியார் எப்படி?" என்று கேட்டார் பார்வதியம்மாள்.

தொடரும் சட்டைப் பையில் இருந்த விசிலைத் தடவிக்கொண்டார். "மாமியார் நல்ல மனுசி தாயி. மருமகளப் பாக்கணும்னு பூவும் பழமும் வாங்கிட்டு ஆசையாத்தான் கெளம்பி வந்தாவ. வழியில ஒரு பைத்தியக்காரன் பேச்சக் கேட்டு, விலக்குல எறங்கிட்டாவ. அந்தப் புள்ள பட்டுச்சேல கட்டிக்கிட்டு வாசலப் பாத்து உக்காந்திருந்திருக்கு."

"பொறவு?"

"பொறவு எனக்குத் தெரியல தாயி. எல்லாக் கதையையும் நான்தான் முடிச்சு வைப்பேன். இத நீங்கதான் முடிக்கணும்."

 கதவுக்குப் பின்னால் சண்முகம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பார்வதியம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் நான்கு டம்ளர் காப்பி. முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை வாரோம், அம்மாகிட்டச் சொல்லுங்க தம்பி" என்றார். "ஆனா இந்த ஆளு வண்டியில வர மாட்டோம்."

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா அழுதுகொண்டே பஜ்ஜிக்கு மாவு எடுக்கப் போனார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னல அந்த நர்சு கதை, முழுசாச் சொல்லு" என்றாள். அவள் சிரித்ததைப் பார்த்ததும் என் நெஞ்சில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கிப் போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை சண்முகம் வீட்டார் வேறு வண்டியில் வந்து, தட்டு மாற்றிவிட்டுத்தான் போனார்கள். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம், மண்டபத்துத் தூணோரம் நின்றிருந்த தொடரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, கல்யாணத்துல முடிக்கிறவன் சோம்பேறின்னு சொல்வீயளே?"

"நாடகத்துலதான்ல அது" என்றார். அதுவரை என்னை மரியாதையாகத் தம்பி என்றே கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் உரிமையோடு ஒருமைக்கு வந்தார்.

அதற்குப் பிறகும் பச்சை வண்டி ஓடியது. கதையும் ஓடியது. பார்வதியம்மாள் அந்தத் தீபாவளிக்கே டி.வி. வாங்கினார். தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. பதிமூன்று வாரம் போய், தினமும் ஓடுகிற, முடிவே இல்லாத நாடகங்கள் வந்தன. தொடரும் அண்ணாச்சிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "முன்னாடி நடுவழில எறக்கிவிட்டான். இப்ப எறங்கவே விட மாட்டேங்கான். ரூட்டே இல்லாம ஓடுத வண்டியில எவன் டிக்கெட் எடுப்பான்?" என்றார். ஆனாலும் விடாமல் பார்த்தார்.

ஒரு மாற்றம் மட்டும் எங்களுக்கு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. அக்கா கல்யாணத்துக்குப் பிறகு, அவர் சொல்லும் கதைகளில் தப்புச் செய்கிற பெண்களுக்குப் பெயரே இல்லாமல் போயிற்று. டி.வி.யில் என்ன பெயர் வைத்திருந்தாலும் இவர் சொல்வதில்லை. தப்புச் செய்கிற ஆண்களுக்கோ எல்லா நாடகத்திலும் ஒரே பெயர், குருவையா. கொள்ளையடித்தவன் குருவையா. கட்டின மனைவியை விட்டு ஓடினவன் குருவையா. வில்லிகள் எல்லாரும் குருவையாவின் தங்கச்சிகள். "ஒரே ஆளு எப்படி அண்ணாச்சி எல்லா நாடகத்துலயும் வாரான்?" என்று கேட்டால், "கெட்டவன் எல்லா எடத்துக்கும் போவான், அவனுக்கு என்ன டிக்கெட்டா?" என்பார்.

ஒரு நாள் அக்காவும் மாமாவும் எங்கள் வீட்டுக்கு வருவதற்காக என்னோடு அந்த வண்டியில் ஏறியிருந்தார்கள். கூட்டம். தொடரும் வழக்கம்போல நடுக் கம்பியில் சாய்ந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தக் குருவையா இருக்கானே, பெத்த தாயி கழுத்துச் சங்கிலியவே அத்துக்கிட்டு ஓடிட்டான்."

முன் சீட்டில், பெரிய மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் ஒருவர் சட்டென்று எழுந்து திரும்பினார். சிவகிரிப் பக்கத்திலிருந்து தம்பியைப் பார்க்க வந்தவர். கூட்டத்தில் அவர் ஏறியதைத் தொடரும் கவனிக்கவில்லை.

"ஏலே குருவையா, நீ எப்பல அம்மை சங்கிலிய அத்தே?" என்று கேட்டார். "சங்கிலி என்கிட்டல்லா இருக்கு. எதுக்குல ஊரு பூரா உன்னையே திருடன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதே?"

 டிரைவர் மட்டும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரியும்போல.

எல்லாரும் தொடரும் அண்ணாச்சியையே பார்த்தோம். அவர் குனிந்துகொண்டு, கிழிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு டிக்கெட்டைக் கிழித்தார்.

"அண்ணாச்சி, உங்க பேரா அது?" என்றாள் அக்கா. "இத்தன வருசமா உங்க பேரயா வச்சீய?"

"பொறவு யார் பேரத் தாயி வைக்கச் சொல்லுதே?" என்றார் அவர். "எனக்குக் கல்யாணம் ஆகி, பேரன் எடுத்தாச்சு. என் பேரக் கேட்டு இனிமே எந்த வரன் விலக்குல எறங்கிப் போகப் போகுது?"

சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போதும் எங்கள் வீட்டு டி.வி.யில் ஏதாவது நாடகம் ஓடி, வில்லன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவான். வீட்டில் எல்லாரும் அவனைத் திட்டுவார்கள். எனக்கு மட்டும் அவன் மேல் பிரியமாகவே இருக்கும்.